ஈரம் போன பிறகே நெருப்பு: எரிவாயு உலையின் உட்பூச்சைப் புதுப்பிக்கும் முறை

என் பட்டறை கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையில் இருக்கிறது. வருகிற வேலையில் பாதி, கல் கொத்துகிறவர்களின் உளிகள். மழுங்கிய முனையைக் காய்ச்சி, அடித்து நீட்டி, தோய்ச்சல் போட்டுக் கொடுக்க வேண்டும். மீதிப் பாதி அரிவாள், களைக்கொத்து, மாந்தோப்பில் கிளை கழிக்கும் கொடுவாள். கரி உலையை விட்டு எரிவாயு உலைக்கு வந்த பிறகு ஆறு முறை அதன் உட்பூச்சை மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறை பூச்சு வெடித்து உதிர்ந்தது. அடுத்த நான்கு முறையும் மயிரிழை விரிசலுக்கு மேல் எதுவும் வரவில்லை. பொருளும் மாறவில்லை, வாங்கிய கடையும் மாறவில்லை. முழுச் சூடு ஏற்றுவதற்கு முன் நான் காத்திருந்த நாட்கள்தான் கூடின.

முதல் முறை நடந்தது இது. மாலையில் பூசினேன். மறுநாள் காலையில் தட்டிப் பார்த்தால் கல் போல இருந்தது. காய்ந்துவிட்டது என்று நம்பிப் பர்னரைப் பற்ற வைத்தேன். அரை மணி நேரத்துக்குள் உள்ளே ஒரு வெடிச் சத்தம். உள்ளங்கை அகல ஓடு ஒன்று கழன்று, உலைவாயின் வழியே பறந்து எதிர்ச்சுவரில் மோதியது. வாய்க்கு நேரே நான் நிற்காததால் கண் தப்பியது. புதிதாக உலை கட்டும் பிள்ளைகளுக்கு அப்படி நேரக்கூடாது. அதனால்தான் நாள் கணக்கு, எடைக் கணக்கு எல்லாவற்றையும் விடாமல் எழுதுகிறேன்.

கெட்டியாவது வேறு, காய்வது வேறு. கடையில் காஸ்டபிள் என்று கேட்டு வாங்கும் பொடி, அலுமினா நிறைந்த மணலும் கால்சியம் அலுமினேட் சிமென்ட்டும் சேர்ந்தது. தண்ணீர் ஊற்றியதும் சிமென்ட் அதில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிக்கொண்டு இறுகுகிறது. மீதித் தண்ணீர் நுண்துளைகளில் அப்படியே தேங்கி நிற்கிறது. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது ஆவியாகி ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வழி இருந்தால் கசிந்து போகும். வழி இல்லையென்றால் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு போகும். சிமென்ட்டோடு கட்டுண்ட தண்ணீரில் பெரும்பகுதி 200 முதல் 350 டிகிரிக்குள் விடுபடுகிறது. மிச்சம் முழுவதும் போக 600 டிகிரி வரை ஆகும். ஆக, ஈரம் இரண்டு தவணைகளில் வெளியேறுகிறது. பூச்சை உடைப்பது இந்தத் தண்ணீர்தான். ஒவ்வொரு தவணைக்கும் உரிய நேரத்தைக் கொடுத்துவிட்டால் நெருப்பு அதை ஒன்றும் செய்யாது.

பழைய பூச்சை எடுப்பது

பூச்சுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் சூட்டைத் தடுக்க வைத்திருக்கும் செராமிக் இழைக் கம்பளி கண்ணுக்குத் தெரிகிறது, வெளிக்கூடு ஓரிடத்தில் மட்டும் சிவக்கிறது, தரையில் வெண்காரம் உருகிப் பள்ளம் பறித்திருக்கிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பூச்சு மாற்றும் காலம் வந்துவிட்டது.

இந்த வேலையில் உடம்புக்கு மிகப் பெரிய ஆபத்து வெடிப்பில் இல்லை. பழைய செராமிக் கம்பளியைப் பிய்த்து எடுப்பதில் இருக்கிறது. புதுக் கம்பளியின் இழைகளே நுரையீரலுக்கு ஆகாதவை. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று அவற்றை வகைப்படுத்தியிருக்கிறார்கள். பல மாதங்கள் 1,000 டிகிரிக்கு மேல் வெந்த கம்பளி அதைவிடக் கொடியது. அதன் கண்ணாடி இழை படிகமாகி, கிரிஸ்டோபலைட் என்னும் சிலிக்காவாக மாறியிருக்கும். கல் குவாரித் தொழிலாளர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோயைத் தருவது சிலிக்காப் படிகத் தூசிதான். நம் ஊரில் அந்த இருமலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே உலர்ந்த கம்பளியைத் தொடாதீர்கள். தெளிப்பானில் தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் சேர்த்து, கம்பளி ஊறும் வரை தெளியுங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கையுறை வேண்டும். குறைந்தபட்சம் என்-95 முகக்கவசம், முடிந்தால் மாற்று வடிகட்டி பொருத்தும் பி-100 கவசம் அணியுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் ஒரு பயனும் இல்லை. ஈரமாகவே துண்டு துண்டாக எடுத்து இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போட்டுவிடுங்கள். வேலைத் துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கூடு வெறுமையானதும் துருவைச் சுரண்டி, அடிப்பக்கமும் பக்கவாட்டிலும் 4 மி.மீ. துளைகள் ஏழெட்டு போடுங்கள். பின்னால் தேங்கும் நீராவி இவற்றின் வழியாகத்தான் வெளியே வரும். என் முதல் கூட்டில் ஒரு துளைகூட இல்லை. புதிதாகக் கூடு செய்கிறவர்கள் பழைய சமையல் எரிவாயு உருளையை அறுக்க நினைக்க வேண்டாம். அது உங்கள் சொத்தும் அல்ல, வெறும் உருளையில் தங்கிய வாயுவே உயிரைக் குடித்துவிடும். பழைய இரும்புக் கடையில் கனமான குழாய்த் துண்டு கிடைக்கும். துத்தநாகம் பூசிய குழாயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சூட்டில் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

என்ன வாங்க வேண்டும், எவ்வளவு

கணக்குப் போட ஓர் அளவு வேண்டும் என்பதால், உள்விட்டம் 250 மி.மீ., நீளம் 400 மி.மீ. உள்ள உருளைக் கூட்டை எடுத்துக்கொள்கிறேன். உளிக்கும் அரிவாளுக்கும் இது தாராளம்.

செராமிக் கம்பளி 25 மி.மீ. தடிமனில், 610 மி.மீ. அகலச் சுருளாக வரும். கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி உள்ளதைக் கேளுங்கள். 96 கிலோ கம்பளி மெத்தென்று அமுங்கிவிடும். இரண்டு அடுக்கு வேண்டும். 1,260 டிகிரி தரமே நம் வேலைக்குப் போதும், ஏனென்றால் நெருப்பைக் காஸ்டபிள்தான் நேரே தாங்கப் போகிறது. காஸ்டபிளில் அலுமினா 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வெண்காரம் போட்டு இரும்போடு இரும்பு ஒட்டுகிறவர்கள் தரைக்கு மட்டுமாவது 90 சதவீத அலுமினா உள்ளதை வாங்குங்கள். உருகிய வெண்காரம் சிலிக்காவைச் சர்க்கரையைப் போலக் கரைக்கும். அலுமினா மிகுந்தது நெடுநாள் தாக்குப் பிடிக்கும். பூச்சு 12 மி.மீ., தரை மட்டும் 20 மி.மீ. என்று வைத்தால், பர்னர் வாயைச் சுற்றிப் பூசுவதையும் சேர்த்து ஏழு கிலோ பொடி பிடிக்கும். தடிமனாகப் பூசினால் உறுதி என்று நினைத்து 30 மி.மீ. போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அத்தனை கல்லையும் தினமும் காய்ச்ச எரிவாயு வீணாகும். ஈரமும் எளிதில் வெளியேறாது.

மூட்டையின் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். கட்டி தட்டிய மூட்டை காற்றின் ஈரத்தை ஏற்கெனவே குடித்துவிட்டது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கட்டட வேலைக்கான சாதாரண சிமென்ட்டும் ஆகாது. 400, 500 டிகிரியில் அதன் சுண்ணாம்புக் கட்டு அவிழ்ந்து, ஆறியபின் காற்றின் ஈரம் பட்டதும் பொடியாகும். இன்னொன்று: சேலம் நமக்குப் பக்கம். அங்கே மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிச் சூடு தாங்கும் செங்கல் செய்யும் தொழில் வளர்ந்திருப்பதால், மேக்னசைட் செங்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உருக்காலைக்கு அது அருமையான கல். நாளுக்கு நான்கு முறை காய்ந்து குளிரும் நம் சிறிய உலையிலோ அது வெடிக்கும், ஈரமும் அதைக் கெடுக்கும். செங்கல் வேண்டுமானால் அலுமினா செங்கலாகக் கேளுங்கள்.

இவை தவிரக் கம்பளியை விறைப்பாக்கும் கொலாய்டல் சிலிக்கா கரைசல் ஒரு லிட்டர், சூட்டை அளக்கும் கம்பியான கே வகை தெர்மோகப்பிள் ஒன்று, அதற்கான மீட்டர் ஒன்று, ரப்பர் கையுறை ஒரு ஜோடி. ஓசூரின் தொழிற்பேட்டைக் கடைகளில் விசாரித்தால் எல்லாம் கிடைக்கும். தெர்மோகப்பிளைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். பூச்சைக் காப்பாற்றப் போவது அந்தக் கம்பிதான்.

கம்பளி வைப்பது

வெளி அடுக்குக்கு 800 மி.மீ., உள் அடுக்குக்கு 640 மி.மீ. நீளம் வெட்டுங்கள். சுற்றளவைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால், முனையோடு முனை முட்டி, தானாகவே விறைத்து நிற்கும், பசை வேண்டாம். முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாம் அடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது. பர்னர் துளையைக் கூர்மையான கத்தியால் வெளியிலிருந்து அறுத்து, உட்பக்கம் சற்று விரியும்படி சீவுங்கள். வெட்டும்போதும் முகக்கவசம் இருக்கட்டும். பிறகு கொலாய்டல் சிலிக்காவை மேற்பரப்பு முழுதும் தெளித்து ஒரு நாள் காய விடுங்கள். விரலால் அழுத்தினால் அட்டையைப் போல விறைப்பாக இருக்க வேண்டும். மெத்தென்ற கம்பளியின் மேல் பூசினால், கையை எடுத்ததும் அது உள்வாங்கி மீண்டும் எழும்பும். பூச்சு இறுகும்போதே பிளந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் உலையைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

கலவை: தண்ணீரில்தான் எல்லாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்துப் பல் கறையும் எலும்பு நோயும் வந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்குக் கிடைத்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காஸ்டபிளுக்கும் அந்தக் காவிரித் தண்ணீரையே எடுங்கள். உப்பு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் சிமென்ட் இறுகும் வேகத்தையும் வலிமையையும் கெடுக்கும். குடிக்க ஏற்ற தண்ணீர்தான் கலவைக்கும் ஏற்றது.

அளவு மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். பொதுவாகப் பொடியின் எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி வரும். ஏழு கிலோவுக்கு 700 மில்லி என்று வைத்துக்கொண்டால், முதலில் 600 மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். மூன்று, நான்கு நிமிடம் வரை வறண்ட புட்டு மாவைப் போலத்தான் இருக்கும். பொறுமை இழந்து இன்னும் ஊற்றத் தோன்றும்; ஊற்றாதீர்கள். பிசையப் பிசைய ஈரம் தானே மேலே வரும். பிறகு ஒரு கையளவு உருட்டி, ஒரு சாண் உயரம் எறிந்து பிடியுங்கள். உதிர்ந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் சேருங்கள். விரல் இடுக்கில் வழிந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது; பொடி சேருங்கள். உருண்டையாகவே கையில் அமர்ந்தால் அதுதான் பதம். கூடுதலாக ஊற்றிய ஒவ்வொரு கரண்டியும் காய்ந்தபின் துளையாகவும் சுருக்க விரிசலாகவும் நிற்கும்.

கொத்தனாரிடமிருந்து சிமென்ட் சட்டியைக் கடன் வாங்கிக் கலக்காதீர்கள். சட்டியில் ஒட்டியிருக்கும் சாதாரண சிமென்ட் கலந்தால் காஸ்டபிள் பத்து நிமிடத்திலேயே இறுகிப் போகலாம். கழுவிய பிளாஸ்டிக் வாளி போதும். கலவையை அரை மணி நேரத்துக்குள் பூசி முடித்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்கினால் அது குப்பைக்குத்தான் போகும். எனவே மூன்று பங்காகப் பிரித்துக் கலப்பது நல்லது.

பருவமும் முக்கியம். 20 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பம் இந்தச் சிமென்ட்டுக்குப் பிடித்தது. சித்திரை, வைகாசியில் தர்மபுரியில் மதியம் கலந்தால் கையிலேயே இறுகும். விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரில் கலக்க வேண்டும். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். குளிரில் இறுகும் சிமென்ட் வேறு வகைப் படிகமாக மாறி, துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலுக்கு நன்றாகவே இருக்கும். நீராவி போக வழி குறைந்திருப்பதால் சூட்டில் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே மார்கழி, தையில் பூசுகிறவர்கள் மூட்டையையும் உலையையும் முந்தின இரவே வீட்டுக்குள் வைத்து, வெயில் ஏறியபின் பூசி, இரவில் கனமான போர்வையால் மூடி வையுங்கள். முடிந்தால் மாசி வரை தள்ளிப்போடுங்கள்.

முதிய கொல்லர் ஒருவர் என் பட்டறைக்கு வந்து பூசுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, உமி போடவில்லையா?” என்று கேட்டார். புற்றுமண்ணில் உமி கலந்து கரி உலைக்குப் பூசிய தலைமுறை அவருடையது. உமி எரிந்து போன இடம் நீராவிக்குச் சந்தாக அமையும். இன்றைய காஸ்டபிள் சிலவற்றில் மயிரைப் போன்ற பாலிப்ராப்பிலீன் இழைகளைச் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். 160 டிகிரியை ஒட்டி அவை உருகி வழிவிடுகின்றன. அவர் கேட்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இழை கலந்த மூட்டை கிடைத்தால் அதையே வாங்குகிறேன். காஸ்டபிளில் உமி போடச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய துளை 12 மி.மீ. பூச்சைப் பலவீனமாக்கும்.

பூசுவது

பூசும் முன் கம்பளியின் மேற்பரப்பில் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த கம்பளி கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் பட்டினி கிடந்து, பூச்சு மணலாக உதிரும். ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கலவையின் காரம் தோலை அரிக்கும்.

உலையைப் படுக்க வைத்து அடியில் இருக்கும் மூன்றில் ஒரு பங்கை முதலில் பூசுங்கள். கட்டை விரலால் அழுத்தி அழுத்தி, காற்றுக்குமிழி இல்லாமல் சேர்க்க வேண்டும். குச்சியில் 12 மி.மீ. அளவில் கோடு போட்டுக் குத்திப் பார்த்துத் தடிமனைச் சரிபாருங்கள். ஓரத்தைச் சாய்வாகவும் சொரசொரப்பாகவும் விட்டு, நான்கைந்து மணி நேரம் கழித்து உலையைத் திருப்பி, அந்த ஓரத்தை நனைத்து அடுத்த பங்கைப் பூசுங்கள். இப்படி மூன்று திருப்பம். கூரைப் பகுதியைத் தலைக்கு மேல் பூசப் போராட வேண்டியதில்லை. எந்தப் பகுதியையும் தரையாக்கிப் பூசுகிறோம்.

மேற்பரப்பை இரும்புக் கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்க எல்லோருக்கும் ஆசை வரும். அப்படித் தேய்த்தால் நுண்துளைகள் மூடி, நீராவிக்குக் கதவு சாத்தியதாகிவிடும். மரக்கட்டையால் ஒரு முறை தட்டிச் சமன் செய்து விட்டுவிடுங்கள். கலவை இளசாக இருக்கும்போதே கத்தி முனையால் நீளவாக்கில் இரண்டு, குறுக்கே ஒன்று என்று 3 மி.மீ. ஆழக் கோடு கீறுங்கள். சுருங்கும்போது விரிசல் எங்காவது வரத்தான் செய்யும். நாம் கீறிய கோட்டில் வந்தால் பூச்சு பெயராது. பர்னர் குழாயின் மேல் இரண்டு சுற்றுச் செய்தித்தாள் சுற்றி, அதைச் சுற்றிப் பூசுங்கள். தாள் எரிந்து போன இடைவெளியில் இரும்பு விரிந்துகொள்ளும். இந்த இடைவெளி இல்லாத உலைகளில் விரிசல் எப்போதும் பர்னர் துளையின் விளிம்பிலிருந்தே புறப்படும்.

நனைந்த 24 மணி நேரம்

கடைசிப் பங்கு இறுகத் தொடங்கியதும் ஈரச் சாக்கால் இரு வாய்களையும் மூடி, மேலே பாலிதீன் விரித்துக் கட்டுங்கள். ஆறேழு மணி நேரத்தில் பூச்சு தானாகவே சூடாகும். சிமென்ட் வேலை செய்கிறது என்று பொருள். அந்தச் சூட்டில் தண்ணீர் பறந்துவிடாமல் காக்கத்தான் இந்தச் சாக்கு. வெயிலில் வைக்காதீர்கள், மின்விசிறியும் வேண்டாம். ஈரத்தை விரட்டப் போகும் நாமே இப்போது அதைப் பிடித்து வைப்பது முரணாகத் தோன்றலாம். சிமென்ட் தனக்கு வேண்டியதைக் குடித்து முடித்த பிறகுதான் மிச்சத்தை விரட்ட வேண்டும்.

உலர்த்துவது

சாக்கை எடுத்தபின் இரண்டு நாள் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். இங்கே அந்தத் தராசுக்கு வேலை வருகிறது. முன்பு குறித்த எடையோடு பொடியின் எடையைக் கூட்டினால் ஈரமில்லாத எடை தெரியும். அதற்கு மேல் தராசு காட்டுவதெல்லாம் தண்ணீர். காலையும் மாலையும் நிறுத்துச் சுவரில் எழுதுங்கள். பட்டறைக்குப் பக்கத்துப் புளி மண்டியின் மின்னணுத் தராசைத்தான் நான் பயன்படுத்துகிறேன். முதல் நாள் எடை மளமளவென்று இறங்கும், பிறகு தேங்கும். தேங்கியதும் உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, வாய்களைச் செங்கல்லால் முக்கால் பங்கு மூடி ஒரு நாள் எரிய விடுங்கள். 60 வாட்டோ 100 வாட்டோ போதும்; எல்.இ.டி. பல்பு சூடு தராது. எடை மீண்டும் இறங்கத் தொடங்கும். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படிக்கு நான் எரிவாயுவைத் தொடுவதில்லை, கரித்தணலைத்தான் நம்புகிறேன். எரிவாயு பர்னரை எவ்வளவு குறைத்தாலும் சுடர் சட்டென்று 1,000 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். படுகிற இடம் வெந்துவிடும், மற்ற இடம் ஈரமாகவே இருக்கும். அதோடு, ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. உலர்த்த வேண்டிய இடத்துக்குள் நாமே நீராவியை ஊதுகிறோம். நன்றாக எரிந்து சிவந்த கரித்தணலில் அது மிகக் குறைவு; சூடும் மெதுவாகப் பரவும். கரி உலையை விட்டவர்களும் இந்த ஒரு வேலைக்குக் கரியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தகரத் தட்டில் தணலை எடுத்து, முதலில் வாயருகே வையுங்கள். தெர்மோகப்பிள் முனை உட்சுவரைத் தொட்டபடி, தணலுக்கு எட்டி இருக்கட்டும். 110 முதல் 120 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் நிறுத்துங்கள். அவ்வப்போது குளிர்ந்த கண்ணாடித் துண்டை ஆவி கசியும் துளையருகே பிடித்தால் பனி படரும். பனி படராமல் போகும்வரை சூட்டை ஏற்ற வேண்டாம். பர்னர் எரியும்போது இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் அங்கே பனிப்பது எரிவாயுவின் தண்ணீர். முதல் நாள் இதோடு நிறுத்தி, வாயை மூடி வையுங்கள்.

தணல் எரியும் இடம் திறந்த கொட்டகையாக இருக்க வேண்டும். மூடிய அறையில் தணலை வைத்து உறங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் கொல்லும். இரவில் உலை உலர்கிறது என்று பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள்.

மறுநாள் ஒரு மணி நேரத்தில் 120-க்குத் திரும்பிவிட்டு, அங்கிருந்து மணிக்கு 30 டிகிரிக்கு மிகாமல் 350 வரை ஏற்றுங்கள். இதற்கு எட்டு மணி நேரம் ஆகும். இந்த எட்டு மணி நேரம்தான் பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கட்டுண்ட தண்ணீர் அவிழும் நேரம் இது. கூட்டின் துளைகளில் வெண்மையாக ஆவி கசிவதைப் பார்ப்பீர்கள். கசியும்போது ஏற்றாதீர்கள், அதே சூட்டில் நிறுத்தி, கசிவு நின்றபின் தொடருங்கள். உள்ளே ‘டப்’ என்று சிறு சத்தம் கேட்டாலும் தணலை வெளியே இழுத்து அரை மணி நேரம் விடுங்கள். வாய்க்கு நேரே நிற்காமல் எப்போதும் பக்கவாட்டில் நில்லுங்கள், கண்ணாடியோடு. 350-ஐத் தொட்டதும் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு மூடுங்கள்.

மூன்றாம் நாள் எரிவாயு. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ உருளை, உயர் அழுத்த ரெகுலேட்டர். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தபின்தான் பற்ற வைக்க வேண்டும். தணலிலேயே 350-க்குத் திரும்புங்கள். பிறகு பர்னரை நிலையாக எரியும் மிகக் குறைந்த அழுத்தத்தில் இரண்டு நிமிடம் எரியவிட்டு, எட்டு நிமிடம் அணைத்து, மீட்டரைப் பார்த்து மணிக்கு 50 டிகிரியாக 600 வரை போங்கள். ஒவ்வொரு முறை பற்ற வைக்கும்போதும் சுடரை முதலில் காட்டி, பிறகு வாயுவைத் திறங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. உலைக்குள்ளும் தரைப் பள்ளத்திலும் தேங்கும். 600-இல் ஒரு மணி நேரம். இருட்டில் பார்த்தால் உட்சுவர் மங்கிய சிவப்பாகத் தெரியும். இதற்கு மேல் தண்ணீர் இல்லை. மணிக்கு 100 டிகிரியாக 1,050 வரை ஏற்றி அரை மணி நேரம் வைத்தால் பூச்சு நன்றாக வெந்து கெட்டிப்படும்.

அணைத்ததும் வாய்கள் இரண்டையும் கம்பளித் துண்டாலும் செங்கல்லாலும் மூடி, இரவு முழுதும் தானே ஆற விடுங்கள். இவ்வளவு பொறுமையாக ஏற்றிவிட்டு, ஆவலில் வாயைத் திறந்து ஊதுகுழலை வைத்தவர்களின் பூச்சு அங்கேயே பிளந்திருக்கிறது.

காலையில் பார்க்கும்போது

மயிரிழை விரிசல்கள் இருக்கும். பயப்படாதீர்கள், அவற்றை எதையும் வைத்து அடைக்கவும் வேண்டாம். காயும்போது சுருங்கிய இடம் அது. உலை சூடானதும் பூச்சு விரிந்து மூடிக்கொள்ளும். அடைத்துவிட்டால் விரிய இடமில்லாமல் பக்கத்தில் வேறு விரிசல் பிறக்கும். நாணயத்தின் விளிம்பு நுழைகிற விரிசலும், தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் இடமும்தான் கவலைக்குரியவை. அந்த இடத்தை உளியால் உள்ளகன்ற வாயாகக் கொத்தி எடுத்து, நனைத்து, அதே காஸ்டபிளால் அடையுங்கள். ஒட்டுப் போட்ட இடம் உள்ளங்கை அளவே இருந்தாலும் 24 மணி நேர ஈரச் சாக்கு, பல்பு, தணல், 350 டிகிரி நிறுத்தம் எல்லாம் அதற்கும் உண்டு. ஒட்டு சிறியதுதானே என்று ஒரு முறை அந்த நாட்களைக் குறைத்தேன். அன்று மாலையே அது கழன்று விழுந்தது.

எண்களைக் கூட்டின் மேலேயே சாக்கட்டியால் எழுதி, பிறகு பஞ்ச் அடித்து வைப்பது என் வழக்கம். இப்போது ஓடும் உலையில் இப்படி இருக்கிறது: பொடி 7 கிலோ, தண்ணீர் 680 மில்லி, நிழலில் 2 நாள், பல்பு 1 நாள், தணல் 2 நாள், எரிவாயு ஐந்தாம் நாள் முடிந்தபின். அதன் கீழே அடுத்த முறைக்கு இடம் விட்டிருக்கிறேன்.